தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல்

லாரி டிரைவர்கள் பொய் சொல்வார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள், அவ்வளவுதான். நாமக்கல் பக்கத்து டிரைவர் யாரைக் கேட்டாலும் தொப்பூர் மலை இறக்கத்தைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார். அந்தக் கதையில் வண்டி கட்டாயம் நியூட்ரலில் இருக்கும். இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டால் வண்டி தன் பாரத்திலேயே உருளும், டீசல் மிச்சம். பிரேக் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகும் என்பதும் அத்தனை பேருக்கும் தெரியும். அப்படிப் போய்ச் சேர்ந்தவர்களின் பெயர்களைச் சொல்லி உச்சுக் கொட்டிவிட்டு மறுநாளே அதே இறக்கத்தில் நியூட்ரல் போடுவார்கள். போலீஸ் போர்டு வைத்துப் பார்த்தது, மைக் கட்டிக் கத்திப் பார்த்தது. கை கேட்டால்தானே.

இப்போது ஓடுவதெல்லாம் பேட்டரி லாரி. மிச்சம் பிடிக்க ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. அப்படியிருந்தும் அன்று மத்தியானம், கிருஷ்ணகிரியில் கிரானைட் கல் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த பூபதியின் இடது கை, இறக்கம் ஆரம்பித்ததும் தானாகவே கியர் மேல் போய் உட்கார்ந்தது.

அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. டிரைவர்கள் சங்கத்துச் செயலாளர். நியூட்ரல் போடாதே என்று ஊருக்குப் புத்தி சொல்கிற பதவி அது. ஒரே ஒரு தடவை என்று நினைத்துக்கொண்டார். கல் பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது வயிற்றுக்குள் ஒரு குளிர் ஓடுமே, அது ஓடி எவ்வளவு காலமாயிற்று! கிளட்சை மிதித்துக் கியரை நடுவுக்குத் தள்ளினார்.

எஞ்சின் சத்தம் தணிந்தது. பேட்டரி வண்டிக்கு எஞ்சின் சத்தம் ஏது என்று கேட்கலாம். பழைய டிரைவர்களின் காதுக்காகக் கம்பெனி அதைத் தனியாகப் பொருத்தியிருந்தது. கிளட்சும் கியரும்கூட அப்படி வந்தவைதான், பழகின கைகால்களுக்கு வேலை வேண்டுமே என்று. மோட்டாரின் பிடி விட்டதும் வண்டி வேகம் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. முள் நாற்பதிலேயே நின்றது.

"என்றா இது" என்றார் பூபதி வாய்விட்டு.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். நாற்பது. ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தார். சத்தம் மட்டும் உறுமியது, முள் அசையவில்லை. அந்தக் குளிர் இப்போது வயிற்றுக்குள் ஓடியது, ஆனால் அவர் ஆசைப்பட்ட குளிர் அது இல்லை. முன்னால் வலப்பக்கம் திரும்புகிற பெரிய வளைவு வந்துகொண்டிருந்தது. அவர் கை ஸ்டியரிங்கை இடப்பக்கம், பள்ளத்தைப் பார்த்துக் கொஞ்சம் திருப்பியது. வேண்டுமென்றே திருப்பினாரா, நடுங்கித் திரும்பியதா என்று பிறகு யோசித்தபோதும் அவரால் சொல்ல முடியவில்லை. லாரி எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் வலப்பக்கம் திரும்பி வளைவைக் கடந்தது.

பூபதி இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முன்னால் போன வேனுக்கு லாரியே ஒரு ஹாரன் கொடுத்தது. அவர் அடித்திருந்தால் எவ்வளவு நேரம் அடித்திருப்பாரோ அவ்வளவு நேரம்தான் அடித்தது. தொப்பூர் அடிவாரம் வரை அவர் பஸ்ஸில் வருகிற பயணியைப் போல உட்கார்ந்து வந்தார். மணிக்கட்டில் கம்பெனி கட்டிவிட்ட பட்டை பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருந்தது. மனசு எப்படி இருக்கிறது என்று பார்த்து நிறம் மாறுகிற பட்டை அது.

இதில் இவ்வளவு பதற என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அதற்கு 'வீட்டுச் சம்பளம்' வந்த காலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லாரிகள் தாமாக ஓட ஆரம்பித்ததும் டிரைவர்களுக்கு வேலை போயிற்று. ஆனால் சம்பளம் போகவில்லை. யந்திரத்தால் வேலை இழந்தவர்களுக்குக் கம்பெனி ஆயுசு முழுக்கச் சம்பளம் தரவேண்டும் என்று சட்டம் வந்தது. அதுவும் முன்பு ரோட்டில் கிடந்து வாங்கியதைவிட அதிகம். டிரைவர்கள் ஆயிரம்வாலா கொளுத்தினார்கள். பூபதி மாடி எடுத்துக் கட்டினார், மனைவி மேனகாவுக்கு வளையல் எடுத்தார், மகளைக் கேட்ட படிப்பில் சேர்த்தார். கடன்காரன் வாசலுக்கு வருவது நின்றது. அந்த முதல் வருஷம் நிஜமாகவே நன்றாக இருந்தது. அதை மறைப்பது பாவம்.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. விடிவதற்கு முன்னால் எழுந்து எங்கும் போவதற்கில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பூபதி வீட்டில் பாத்திரத்தை எந்த அலமாரியில் அடுக்குவது என்பதற்கெல்லாம் சட்டம் போட்டார். சிலர் குடித்தார்கள், சிலர் பேச்சை நிறுத்தினார்கள். பணம் பேங்கில் இருக்க, மனிதர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். பூபதியின் தங்கை புருஷன் அப்படிப் போனவர்தான். சின்ன வயதிலிருந்தே கூட்டாளியான குணசீலன் உயிரை விடத் துணிந்து, எப்படியோ பிழைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"சோறு இருக்குது, காசு இருக்குது மாப்ள" என்று அன்று கட்டிலில் கிடந்தபடி குணசீலன் சொன்னார். "காலைல எந்திரிச்சா நான் எதுக்குன்னுதான் தெரியல. நான் இல்லாட்டியும் அந்தக் காசு வரும். அப்புறம் நான் யாரு?"

அதே கேள்வி பூபதிக்குள்ளும் இருந்தது.

அப்போதுதான் அந்த நோட்டீஸ் வந்தது. மலைப்பாதையில் யந்திரத்தை முழுக்க நம்ப முடியாது, மனிதன் கை தேவைப்படுகிறது, பழைய டிரைவர்கள் திரும்பி வர வேண்டும். குணசீலன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஷெட்டுக்குத்தான் போனார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு பாடு அழுதார். அதற்கப்புறம் சாவுகள் நின்றன. பூபதி வீட்டில் பாத்திரங்கள் மேனகா வைத்த இடத்தில் இருந்தன.

இப்போது அந்த ஸ்டியரிங் சும்மா என்று தெரிந்துவிட்டது.

தூத்துக்குடியில் கல்லை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தபோது ஷெட்டு வாசலில் குணசீலன் நின்றிருந்தார். பூபதி இறங்குவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ள, இன்னிக்கு ராசிபுரம் பிரிவுல ஒரு பைக்குக்காரன் குறுக்க வந்தான் பாரு. ஒரே ஒடி! வேற எவனா இருந்தாலும் ஏத்தியிருப்பான். பொண்டாட்டி புள்ளையோட வந்தான் பாவம், கும்பிட்டுட்டுப் போறான்."

"நல்ல வேல பண்ணுன" என்றார் பூபதி. கூட்டாளியின் முகத்தைப் பார்க்க முடியாமல் டயரைத் தட்டிப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். ஒடித்தது நீ இல்லடா என்று சொல்ல வாயெடுத்து, டயரிலேயே கண்ணை வைத்துக்கொண்டார். அந்த மனிதர் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பதே இப்படி ஒன்றை நம்பித்தான் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

மறுநாள் காலை கம்பெனியின் நலத்துறை அதிகாரி ஃபர்ஹானாவின் அறைக்குப் போனார். முப்பது வயதுப் பெண். டிரைவர்களின் பட்டைகள் காட்டும் நிறங்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பூபதி கதவைத் திறந்ததுமே, "உக்காருங்கண்ணா. தொப்பூர்தானே?" என்றாள். சர்க்கரை போடாத டீ அவருக்காகத் தயாராக இருந்தது.

"அந்த ஸ்டியரிங்கு வண்டியோட சேர்ந்திருக்குதா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க மேடம்."

மழுப்புவாள் என்று எதிர்பார்த்தார். அவள் மழுப்பவில்லை. "சேரலைண்ணா. முதல் நாள்ல இருந்தே சேரலை."

"நான் திருப்புனா திரும்புச்சே!"

"நீங்க சரியா ஓட்டறவர். வண்டி எந்தப் பக்கம் திரும்பணுமோ அந்தப் பக்கம்தான் நீங்களும் திருப்புவீங்க. நல்ல டிரைவருக்கு இது தெரியவே தெரியாது. தப்பாத் திருப்பினாத்தான் தெரியும்."

"மலையில மெஷினை நம்ப முடியாதுன்னு நோட்டீஸ் போட்டீங்க."

"போட்டோம்."

"அப்ப அந்தச் சக்கரம் எதுக்குங்க?"

"வண்டிக்கு இல்லண்ணா. உங்களுக்கு."

பூபதி டீயைத் தொடவில்லை. அவள் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனாள். "வீட்டுச் சம்பளம் குடுத்தப்போ எல்லாருக்கும் வருமானம் கூடுச்சு. கொஞ்ச நாள் பட்டை எல்லாம் பச்சையா இருந்துச்சு. அப்புறம் இறங்க ஆரம்பிச்சுது. சம்பளத்தை இன்னும் ஏத்திப் பார்த்தோம். ரெண்டு மாசம் நல்லா இருக்கும், மறுபடி இறங்கும். கஷ்டப்படறவனுக்குப் பணம் வேணும்ணா, அதுல சந்தேகமே இல்ல. பணம் வந்தப்புறம் மனுஷன் வேற ஒண்ணைத் தேடறான். தன் கையால ஏதாச்சும் நடக்கணும்னு பார்க்கறான். அதைச் சம்பளத்துல சேர்த்துக் குடுக்க முடியலை."

"அதனால பொம்மை குடுத்தீங்களா? நெசமாவே ஓட்ட விடறதுதானே!"

"மெஷின் ஓட்ட ஆரம்பிச்சப்புறம் தொப்பூர்ல ஒரு சாவு கிடையாதுண்ணா. ரோட்டுல மத்தவங்களும் போறாங்களே. உங்க கையில குடுத்துட்டு நாளைக்கு ஒரு பஸ்ஸு மேல ஏறினா நான் யாருக்குப் பதில் சொல்றது?" டீயை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "இன்னொண்ணும் இருக்கு, மறைக்க மாட்டேன். டிரைவர் ஒருத்தர் செத்தா கம்பெனி நஷ்டஈடு கட்டணும். சக்கரம் அதைவிட மலிவு" என்றாள்.

பூபதி எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "நான் சொல்லிப் போடுவேன். ஆயுத பூஜைக்கு அத்தன பேரும் ஷெட்டுக்கு வருவாங்க. மைக்குல சொல்லுவேன். மனுசனை மனுசனா நினைக்காத வேலைங்க இது."

வேலை போகும், சம்பளம் நிற்கும் என்று அவள் மிரட்டுவாள் என்று காத்திருந்தார். மிரட்டினால் வசதியாக இருந்திருக்கும், சண்டை போட அவருக்குத் தெரியும்.

"சொல்லுங்கண்ணா" என்றாள் ஃபர்ஹானா. "தடுக்க மாட்டேன். சம்பளத்துல ஒரு ரூபா குறையாது. ஆனா இது உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். மத்தவங்க எல்லாம் நிம்மதியா இருக்காங்க. சொல்றதும் சொல்லாததும் உங்க கையிலதான். குணசீலன் அண்ணனை மட்டும் ஒரு தடவை நினைச்சுக்கோங்க." பாடம் ஒப்பிப்பதுபோல எந்தத் தடங்கலும் இல்லாமல் இதைச் சொன்னாள். அது பூபதியின் கோபத்தை இன்னும் கிளறியது.

வீட்டுக்கு வந்து மேனகாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் பூஜைக்காகக் குத்துவிளக்கைத் துலக்கிக்கொண்டே கேட்டாள். கடைசியில் சிரித்துவிட்டாள்.

"எதுக்குச் சிரிக்கற?"

"ஒண்ணுமில்லீங்க. இத்தன வருசமா இந்த வீட்டை நீங்கதான் ஓட்டறதா நினைச்சுட்டு இருக்கறீங்க. நான் என்னிக்காச்சும் மைக்கு வெச்சுச் சொன்னனா?"

பூபதிக்குச் சுருக்கென்றது. அவள் முகம் மாறி, விளக்கைக் கீழே வைத்தாள். "சொல்றதுன்னா சொல்லுங்க. ஏமாத்தறது தப்புத்தான். ஆனா சொல்லிப்போட்டு வீட்டுக்கு வந்துறாதீங்க. குணசீலன் அண்ணன் வூட்டுக்குப் போயி அவரு பக்கத்துலயே படுத்துக்கோங்க. ஒரு நா ரெண்டு நா இல்ல, கடைசி வரைக்கும். முடியுமா உங்களால?"

முடியுமா என்று அவருக்குத் தெரியவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. குணசீலனுடன் ஒவ்வொரு நாளும் டீ குடித்து, அந்தப் பைக்குக்காரன் கதைகளைக் கேட்டு, முதுகைத் தட்டிக்கொடுத்துக் காலத்தை ஓட்டுவதா? அது கூட்டாளிக்குச் செய்கிற துரோகம் இல்லையா? சொன்னால் அவர் செத்துப்போகலாம். சொல்லாவிட்டால் அவரை முட்டாளாக்குகிற கூட்டத்தில் தானும் ஒருவர். கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை சீவும்போதெல்லாம் தன் முகமே பிடிக்கவில்லை. பட்டை மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆயுத பூஜை அன்று ஷெட்டு ஜேஜே என்று இருந்தது. வரிசையாகக் கழுவி நிறுத்திய லாரிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலும் ஒரு எலுமிச்சம்பழம். பொரிகடலை கைமாறிக்கொண்டிருந்தது. பூசணிக்காய் உடைத்ததும் செயலாளர் நாலு வார்த்தை பேசுவார், பிறகு அவரவர் வண்டியை அவரவர் எடுத்து எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவார்கள். அதுதான் வழக்கம். ஃபர்ஹானா ஓரமாக ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

பூபதி மைக்கைப் பிடித்தார். முன்வரிசையில் குணசீலன் புதுச் சட்டையில், வாய் நிறையப் பொரியோடு அவரைப் பார்த்துச் சிரித்தார். பூபதி சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்பது மட்டும்தான் புரியவில்லை. நேராகப் போட்டு உடைப்பதைவிட அவர்கள் வாயாலேயே வரவழைத்துவிடலாம் என்று தோன்றியது. நியூட்ரலைப் பற்றிக் கேட்டால் இந்த ஆட்கள் போட்டி போட்டுக்கொண்டு பீற்றுவார்கள். அப்புறம், வண்டி வேகம் பிடித்ததா என்று ஒரு கேள்வி. அது போதும்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லோணும்" என்றார். "இந்தப் புது வண்டி வந்தப்புறம் தொப்பூர் இறக்கத்துல யாராரு நியூட்ரல் போட்டிருக்கீங்க? கையத் தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "நியூட்ரலா? அய்யய்யோ!" "சத்தியமா இல்லீங்க." "அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சுங்க செயலாளரே." "கியர்ல புடிச்ச புடிதான், அடிவாரம் வரைக்கும் விடறதில்ல." யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

குணசீலன் எழுந்தார். டீசல் காலத்தில், ஒரு கையில் பீடியை வைத்துக்கொண்டு மொத்த மலையையும் நியூட்ரலிலேயே இறங்கினேன் என்று கல்யாண வீடுகளில்கூடச் சொல்லித் திரிந்த ஆள். "மாரியாத்தா மேல சத்தியமா, நான் அந்தப் பேச்சுக்கே போனதில்ல மாப்ள" என்றார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அவர் கண்கள் பூபதியின் முகத்தை விட்டு அசையவில்லை. இவனுக்குத் தெரிந்திருக்குமோ, தெரிந்திருக்கக் கூடாதே என்று தவிக்கிற பார்வை அது. பூபதிக்கு அந்தப் பார்வையை நன்றாகத் தெரியும். சில நாட்களாகக் கண்ணாடியில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. இவர்களாவது, தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல் போடாமல் இருப்பதாவது! அத்தனை பேரும் போட்டிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் அந்த அறைக்குப் போய், உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும் என்ற வார்த்தையைக் கேட்டு, மற்றவனாவது நன்றாக இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். குணசீலன் ஷெட்டு வாசலில் காத்திருந்து அந்தப் பைக்குக்காரன் கதையைச் சொன்னதும் பூபதிக்காகத்தான். அந்த மனிதருக்கு உண்மை தெரியும், தெரிந்தும் உயிரோடு இருக்கிறார். காலையில் எழுந்திருக்க அவருக்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது. அந்தக் காரணம் தானேதான் என்று புரிந்தபோது பூபதிக்குக் கண் நிறைந்துவிட்டது. தூணுக்குப் பக்கத்தில் பார்த்தார். ஃபர்ஹானா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கண்ணா" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சுகன்யா. இதே கம்பெனியின் மில்லில் யந்திரத்தால் வேலை போய், கைக்குழந்தையும் வீட்டுச் சம்பளமுமாக உட்கார்ந்திருந்தவள். போன மாதம்தான் இங்கே சேர்ந்திருந்தாள், அந்த ஷெட்டின் முதல் பெண் டிரைவர். சேர்ந்த அன்று யூனிபார்மோடு ஊரெல்லாம் போட்டோ அனுப்பியிருந்தாள். "நியூட்ரல் போட்டா என்னாகுமுங்க? நான் ஒரு தடவ போட்டுப் பாக்கலாம்னு இருந்தேன்."

ஷெட்டே அவள் மேல் பாய்ந்தது. "அடேயப்பா, வேண்டாஞ்சாமி!" "பிரேக்கு புடிக்காதும்மா." "எங்க சித்தப்பா அப்படித்தான் போனாரு." முடி நரைத்த ஆட்களெல்லாம் எழுந்து நின்று கைகளை ஆட்டிக் கத்தினார்கள். குணசீலன் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினார். சுகன்யா மிரண்டுபோய்ப் பூபதியைப் பார்த்தாள். அவள் மணிக்கட்டில் பட்டை பளிச்சென்று பச்சையாக இருந்தது.

பூபதி மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கூட்டம் அடங்கியது.

"வேண்டாங் கண்ணு" என்றார் பூபதி. "போட்டா, வண்டி நம்ம கைய விட்டுப் போயிரும்."

முதல் வண்டியை அவர்தான் எடுத்தார். ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்க, வண்டி வாசலைப் பார்த்து நகர்ந்தது. சுகன்யா பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் ஒரு சின்னத் தப்புக்கூட வராமல், வண்டி திரும்புகிற பக்கமே அவரும் கவனமாகத் திருப்பினார்.